ஹெல்ப், ஹெலோ, ஹூ ஆர் யூ: இரண்டு கிம்களின் காதல்

கேள்வி இதுதான்: "காஸ்ட்அவே ஆன் தி மூன், தனிமையைப் பற்றிய அருமையான கொரியக் காதல் படம் என்று பலரும் சொல்லிப் பார்த்தேன். பிடித்திருந்தது. ஆனால் நாயகனும் நாயகியும் கடைசிக் காட்சியில்தான் முகத்துக்கு முகம் பார்க்கிறார்கள். இதில் காதல் எங்கே இருக்கிறது?"

முதல் தடவை பார்த்தபோது எனக்கும் இதே சந்தேகம் வந்தது. அதற்கப்புறம் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். இந்தப் படத்தின் காதல் முழுவதும் ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் பதில் எழுதுவதில் இருக்கிறது என்பது இப்போது என் எண்ணம். அந்தப் பதிலுக்காக எத்தனை நாள் காத்திருக்கிறார்கள், அது வந்ததும் என்ன ஆகிறார்கள் என்பதை வைத்தே இயக்குநர் லீ ஹே-ஜுன் முழுப் படத்தையும் நடத்திவிடுகிறார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முடிவு வரை பேச வேண்டியிருக்கும். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

படம் வந்தது 2009-இல். கதை இவ்வளவுதான். கடன் கழுத்தை நெரிக்கிற ஒரு மனிதன் சியோல் நகரத்தின் ஹான் நதியில் பாலத்திலிருந்து குதிக்கிறான். சாகவில்லை. நதி நடுவில் இருக்கும் ஆளில்லாத தீவு ஒன்றில் கரை ஒதுங்குகிறான். அவனுக்கு நீச்சல் தெரியாது. நகரத்தின் அடுக்குமாடிகள் கண்ணெதிரே நிற்கின்றன, போக வழியில்லை. அந்த அடுக்குமாடி ஒன்றில் மூன்று வருடமாக அறையை விட்டு வெளியே வராத ஒரு பெண் இருக்கிறாள். அவளுடைய கேமராவில் அவன் தட்டுப்படுகிறான். இருவருக்கும் குடும்பப் பெயர் கிம். கொரியாவில் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பெயர்தான். அதாவது பெயர் இருந்தும் இல்லாத மாதிரி. நடித்திருப்பவர்கள் ஜங் ஜே-யங், ஜங் ரியோ-வோன். இந்தப் பதில் முழுவதும் நானும் அவர்களை ஆண் கிம், பெண் கிம் என்றே சொல்கிறேன்.

கொரிய மொழியில் படத்தின் பெயர் வேறு: "கிம்-ஸ்ஸி பியோரியூகி". கிம் என்பவர் கடலில் அடித்துச் செல்லப்பட்டுத் தத்தளித்த கதை என்று பொருள் கொள்ளலாம். அங்கே இந்த வார்த்தையைக் கேட்டதும் ஹாமெல் ஞாபகம் வரும். 1653-இல் ஜேஜு தீவில் கப்பல் உடைந்து கரையேறி, பதின்மூன்று வருடம் கொரியாவில் மாட்டிக்கொண்ட டச்சுக்காரர். அவர் எழுதிய குறிப்புக்கும் கொரிய மொழியில் இதே வார்த்தைதான், பியோரியூகி. தெரியாத தேசத்தில் சிக்கிய வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லும் வார்த்தையை, பிறந்து வளர்ந்த நகரத்தின் நடுவிலேயே சிக்கிக்கொண்ட ஒரு கொரியனுக்கு வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் இது காணாமல் போய்விட்டது. பதிலுக்கு நிலா வந்திருக்கிறது. அதற்கும் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தத் தீவு. அது கற்பனை இல்லை. பெயர் பாம்சொம், அதாவது கஷ்கொட்டைத் தீவு. பார்க்க அந்தக் கொட்டை மாதிரி இருந்ததால் வந்த பெயர். முன்பு அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள். படகு கட்டுவது அவர்கள் தொழில். 1968-இல் பக்கத்திலிருக்கும் யோயிதோ என்ற தீவை நவீன நகரமாக்கத் திட்டம் போட்டபோது, அங்கே கரை கட்டக் கல் தேவைப்பட்டது. பாம்சொம்மை வெடி வைத்துத் தகர்த்து அந்தக் கல்லை எடுத்தார்கள். அங்கிருந்த 62 குடும்பங்களைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். யோயிதோ வளர்ந்தது. இன்று நாடாளுமன்றம் இருப்பதும் பெரிய பெரிய நிதி நிறுவனங்கள் இருப்பதும் அங்கேதான்.

ஆனால் தகர்த்த தீவு அப்படியே போய்விடவில்லை. நதி கொண்டுவந்த மணலும் வண்டலும் படிந்து படிந்து தானாகவே மறுபடி மேலே வந்தது. மரம் முளைத்தது, பறவைகள் வந்தன. 1999-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தார்கள். 2012-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது. இப்போது பொதுமக்கள் அங்கே போக முடியாது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வாழும் நகரத்தின் நடுவில், தலைக்கு மேலே பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்க, கீழே யாருமே இல்லாத காடு. நகரம் வேண்டாம் என்று வெடி வைத்த இடத்தில், நகரத்துக்கு வேண்டாதவனாகிப்போன ஒருவன் வந்து ஒதுங்குகிறான். படத்தில் இந்த வரலாற்றை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தெரிந்துகொண்டு பார்த்தால் ஒவ்வொரு காட்சியின் கனமும் கூடிவிடும்.

ஆண் கிம்மின் கடனும் சும்மா வந்ததில்லை. 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி கொரியாவை உலுக்கியது. அதிலிருந்து மீள, மக்கள் செலவு செய்ய வேண்டும் என்று அரசே கிரெடிட் கார்டை ஊக்குவித்தது. கார்டில் வாங்கினால் வரிச்சலுகை, ரசீதுக்குக் குலுக்கல் பரிசு என்றெல்லாம் கொடுத்தார்கள். தெருவில் மேசை போட்டுக் கார்டு கொடுத்த காலம் அது. 2003-இல் எல்லாம் சரிந்தது. அந்த வருடக் கடைசியில் கடன் கட்டத் தவறியவர்கள் என்று பட்டியலில் ஏறியவர்கள் சுமார் 37 லட்சம் பேர். படத்தின் முதல் காட்சியில் பாலத்தின் மீது நிற்கும் ஆண் கிம்மின் காதில், அசலும் வட்டியும் சேர்த்து இவ்வளவு என்று ஒரு குரல் மரியாதையாகக் கணக்குச் சொல்கிறது. அவ்வளவு மரியாதையான குரல்! அவனும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, நன்றி சொல்கிற தோரணையில் முடித்துவிட்டுக் குதிக்கிறான்.

தீவில் கண் விழித்ததும் அவன் செய்வதெல்லாம் யாரையாவது கூப்பிடுவதுதான். அவசர உதவி எண்ணை அழைக்கிறான். நகரத்துக்கு நடுவில் தீவில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? விளையாடுகிறான் என்று வைத்துவிடுகிறார்கள். பழைய காதலியை அழைக்கிறான், அதுவும் நடக்கவில்லை. பேட்டரி தீரப்போகிற நேரத்தில் ஒரு அழைப்பு வருகிறது. ஏதோ சலுகை விற்கும் விளம்பர அழைப்பு! உல்லாசப் படகு ஒன்று கடந்து போகிறது. கையை ஆட்டிக் கத்துகிறான். படகில் இருப்பவர்கள் சிரித்தபடி பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போகிறார்கள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்தேன். ஆனால் படம் சொல்ல வந்த விஷயம் இங்கேயே வந்துவிட்டது. அவன் எல்லோர் கண்ணிலும் படுகிறான், அவன் சொல்வது யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆளில்லாத இடத்தில் இருப்பதை விட, இத்தனை பேர் பார்க்கிற தூரத்தில் இப்படி இருப்பதுதான் கொடுமை.

மணலில் காலால் இழுத்துப் பெரிதாக 'ஹெல்ப்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறான். யாரும் வரவில்லை. கழுத்துப்பட்டையைக் கொண்டே தூக்குப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறான். அந்த நேரம் பார்த்து வயிற்றைக் கலக்குகிறது. ஓடிப்போய்ப் புதருக்குள் குந்துகிறான். எதிரே சிவப்பு சால்வியாப் பூக்கள். ஒன்றைப் பறித்து அடிப்பக்கத்தை உறிஞ்சுகிறான். இனிப்பு. நாம் சின்ன வயதில் இட்லிப்பூவைப் பிடுங்கி நுனியில் தேன் உறிஞ்சினோமே, அதே மாதிரி கொரியப் பிள்ளைகளுக்கு இந்தப் பூ. இன்னொன்று, இன்னொன்று என்று உறிஞ்சிக்கொண்டே குந்தியபடி அழுகிறான். சாகப் போனவனைத் தடுத்தது தத்துவமும் இல்லை, கடவுளும் இல்லை. நாக்கில் பட்ட ஒரு சொட்டுத் தேன். ஜங் ஜே-யங்கின் நடிப்பில் எனக்கு மிகவும் பிடித்த நிமிடம் இதுதான்.

இதற்குப் பிறகு அவன் மெல்ல மெல்லத் தீவுக்காரனாகிறான். ஒதுங்கிக் கிடக்கும் வாத்துப் படகு, அதாவது வாத்து வடிவில் செய்த மிதிபடகு, வீடாகிறது. மீன் பிடிக்கிறான், குப்பையில் பாத்திரம் தேடுகிறான். இங்கே கடன்காரன் இல்லை, நேர்காணல் இல்லை. ஒருநாள் மணலில் எழுதிய வார்த்தையைப் போய்ப் பார்க்கிறான். 'பி' எழுத்தை அழித்து 'எல்' ஆக்கி, பக்கத்தில் ஒரு வட்டம் போடுகிறான். ஹெல்ப், ஹெலோ ஆகிவிட்டது. காப்பாற்றுங்கள் என்று கேட்டவன் இப்போது வணக்கம் சொல்கிறான். யாருக்கு என்று அவனுக்கே தெரியாது. அவன் மனதில் என்ன மாறியது என்று பக்கம் பக்கமாக வசனம் எழுதியிருக்கலாம். இயக்குநர் ஒரு எழுத்தை மாற்றி, இன்னொரு எழுத்தைச் சேர்த்தார். போதும்.

சரி, அந்த ஹெலோ யாருக்குப் போகிறது என்று பார்ப்போம்.

பெண் கிம்மின் வீடு நதிக்கரை அடுக்குமாடியில். அம்மாவும் அப்பாவும் கதவுக்கு அந்தப் பக்கம். இவள் இந்தப் பக்கம். அலமாரிக்குள் குமிழ் வைத்த பிளாஸ்டிக் உறையை விரித்து அதன் மேல் தூங்குகிறாள். நெற்றியில் ஒரு தழும்பு. காலையில் எழுந்து வேலைக்குப் போகிற மாதிரி கணினி முன்னால் உட்காருகிறாள். அறைக்குள்ளேயே கணக்கு வைத்து நடக்கிறாள். எல்லாவற்றுக்கும் நேரம், எல்லாவற்றுக்கும் அளவு. வெளியே இருந்து பார்ப்பவர்கள் சோம்பேறித்தனம் என்பார்கள். உண்மையில் அவள் தினமும் எவ்வளவு பாடுபட்டு ஒரு நாளை நகர்த்துகிறாள் என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. இப்படிப்பட்டவர்களைக் குறிக்க ஜப்பானில் ஹிகிகோமோரி என்ற சொல் இருப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். கொரியாவிலும் இது சின்ன விஷயம் இல்லை. 2023 ஜனவரியில் சியோல் மாநகராட்சி வெளியிட்ட கணக்குப்படி, 19 முதல் 39 வயது வரை உள்ளவர்களில் 4.5 சதவீதம், ஏறக்குறைய 1.29 லட்சம் பேர், தனிமைப்பட்டோ ஒதுங்கியோ வாழ்கிறார்கள். படம் வந்தபோது இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. 14 வருடம் முன்னாலேயே அந்த 1.29 லட்சத்தில் ஒருத்தியின் அறைக்குள் கேமராவைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

அவள் கணினியில் பார்க்கிற வேலை என்ன தெரியுமா? இணையத்தில் தனக்கென ஒரு பக்கம் வைத்திருக்கிறாள். அதில் யார் யாருடைய புகைப்படங்களையோ எடுத்துத் தன்னுடையது என்று போடுகிறாள். அழகான முகம், அழகான செருப்பு, அழகான கைப்பை. பாராட்டுகள் குவிகின்றன. முகநூல் பரவுவதற்கு முன்பு கொரியாவில் இப்படிப்பட்ட குட்டிப் பக்கங்களுக்குப் பெயர்போன தளம் சைவேர்ல்ட். அதில் நண்பராகச் சேர்வதற்கு 'இல்ச்சோன்' என்று பெயர். உறவுமுறையில் அந்த வார்த்தைக்கு முதல் படி உறவு என்று பொருள். அதாவது பெற்றவருக்கும் பிள்ளைக்கும் இடையில் இருக்கும் தூரம். முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரோடு தாய்-பிள்ளை அளவு நெருக்கம் என்று பெயரளவில் ஒரு ஏற்பாடு. நிஜத் தாயோ கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டுக் காத்திருக்கிறாள். கொரியப் பார்வையாளர்களுக்கு அந்தக் காட்சிகள் எப்படி உறுத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவளுக்கு ஒரே ஒரு நிஜமான ஆசை உண்டு. நிலாவைப் படம் பிடிப்பது. நிலாவில் யாரும் இல்லை, யாருமே இல்லாத இடத்தில் தனிமையும் இருக்காது என்பது அவள் கணக்கு. பகலில் அவள் ஜன்னல் திரையை விலக்குவதே வருடத்துக்கு இரண்டு தடவைதான், குடிமக்கள் பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்போது. வட கொரியா தாக்கினால் என்ன செய்வது என்று பழக்குவதற்காக 1970-களிலிருந்து தென் கொரியாவில் நடக்கிற ஒத்திகை இது. சைரன் ஒலிக்கும். வண்டிகள் நின்ற இடத்தில் நிற்கும். மக்கள் தெருவை விட்டு ஒதுங்குவார்கள். இருபது நிமிடம் நகரமே உறைந்துவிடும். ஊருக்கெல்லாம் அது போர் பயம். அவளுக்கு அதுதான் நிம்மதி. சியோல் நகரம் நிலா ஆகிவிடுகிற இருபது நிமிடம். அப்படியொரு ஒத்திகையில் காலி நகரத்தைப் படம் பிடித்துக்கொண்டு வரும்போதுதான் தீவில் ஒரு ஆள் தெரிகிறான். மணலில் எழுத்தும் தெரிகிறது. வேற்றுக்கிரகவாசி என்று முடிவு கட்டுகிறாள். ஆங்கிலத் தலைப்பில் நிலா வந்தது இப்படித்தான்.

ஹெல்ப் ஒருநாள் ஹெலோ ஆனதைப் பார்த்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்ல வேண்டும் அல்லவா? இந்தச் சின்ன மரியாதைதான் மூன்று வருடப் பூட்டைத் திறக்கிறது. காகிதத்தில் பதிலை அச்சிட்டு, காலி ஒயின் பாட்டிலுக்குள் போட்டு, நள்ளிரவில் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். முகத்தை மறைக்க அவளுக்குக் கிடைத்த வழி அது. படியிறங்கும்போதும் தெருவில் ஓடும்போதும் ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சுச் சத்தம். பாலத்தில் ஏறி, பாட்டிலைத் தீவுப் பக்கம் வீசிவிட்டு ஓடிவந்துவிடுகிறாள். அவனைக் காப்பாற்ற ஒரு தொலைபேசி அழைப்பு போதும். அவளுக்கு அது தோன்றவே இல்லை. அவன் இப்போது கேட்பது அதை இல்லை என்பதும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அதனால்தான் அவளைச் சுயநலக்காரி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பாட்டில் புதருக்குள் கிடக்கிறது. அவன் கண்ணில் படவே இல்லை. அவள் தினமும் கேமராவில் பார்க்கிறாள். அவன் பக்கத்தில் வருகிறான், தாண்டிப் போகிறான். நாட்கள் ஓடுகின்றன. காதல் படங்களில் காத்திருப்பு என்றால் மழை, ரயில் நிலையம், வயலின் இசை. இங்கே ஒரு பாட்டிலும் அதை மிதிக்காமல் தாண்டிப் போகும் ஒரு அழுக்குக் காலும்தான். கடைசியில் ஒருநாள் எடுத்துப் படித்துவிடுகிறான். அதிலிருந்து பேச்சு தொடங்குகிறது. அவன் மணலில் எழுதுகிறான், அவள் பாட்டிலில் அனுப்புகிறாள். எல்லாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த ஆங்கிலம். எப்படி இருக்கிறீர்கள், நலம், நன்றி, நீங்கள்? நாமும் ஆறாம் வகுப்பில் ஒப்பித்த அதே வரிகள்தான், அதனால் எனக்கு இந்த இடம் இன்னும் நெருக்கமாகப் பட்டது. ஒப்பிக்கும்போது அதில் யாரும் பொருள் தேடுவதில்லை. கேட்டவன் உண்மையிலேயே கேட்கும்போது, பதில் சொல்ல ஒருத்தி நள்ளிரவில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓடும்போது, அந்தத் தேய்ந்த வார்த்தைகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. நீங்கள் கேட்ட காதல் இங்கே ஆரம்பிக்கிறது என்பேன்.

இப்போது நூடுல்ஸ் கதைக்கு வருகிறேன். படத்தின் இதயமே அதுதான்.

ஜாஜங்மியோன் என்பது கோதுமை நூடுல்ஸ் மேல் கறுப்பான சோயா விழுதுக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும் உணவு. பன்றி இறைச்சி, வெங்காயம் எல்லாம் போட்டு வதக்கிய குழம்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இஞ்சொன் துறைமுகத்தில் குடியேறிய ஷாந்தோங் சீனர்கள் கொண்டுவந்தது. இன்று அது முழுக்கக் கொரிய உணவாகிவிட்டது. வீடு மாறும் நாளில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவது அதுதான். பட்டமளிப்பு நாளில் குடும்பத்தோடு சாப்பிடுவதும் அதுதான். ஒரு தொலைபேசி அழைப்பில் தகரப் பெட்டியோடு ஆள் வந்து நிற்பான். இன்னொரு வழக்கமும் உண்டு. காதலர் தினமான பிப்ரவரி 14, அதற்குப் பதில் பரிசு கொடுக்கும் மார்ச் 14 இரண்டிலும் யாரிடமிருந்தும் பரிசு வராதவர்கள், ஏப்ரல் 14 அன்று கறுப்பு நாள் என்று சொல்லிக்கொண்டு இந்தக் கறுப்பு நூடுல்ஸைச் சாப்பிடுவார்கள். ஆக, குடும்பத்தின் உணவும் அதுவே, துணையில்லாதவர்களின் உணவும் அதுவே. எத்தனையோ சாப்பாடு இருக்க இயக்குநர் இதைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாக இருக்காது.

தீவுக் குப்பையில் ஆண் கிம்முக்கு ஒரு பாக்கெட் கிடைக்கிறது. உடனடி ஜாஜங்மியோன் உறை. நூடுல்ஸ் இல்லை. ஆனால் உள்ளே சாஸ் பொடிப் பொட்டலம் பிரிக்காமல் இருக்கிறது. அவ்வளவுதான், அவனுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. பொடி இருக்கிறது, நூடுல்ஸ் வேண்டும். நூடுல்ஸுக்கு மாவு வேண்டும், மாவுக்குத் தானியம் வேண்டும், தானியத்துக்கு விதை வேண்டும். தீவில் விதைக்கு எங்கே போவது? பறவை எச்சத்தில் விதை இருக்கும் என்று கண்டுபிடிக்கிறான். எச்சத்தைச் சுரண்டிச் சேர்த்து, மண்ணைக் கிளறிப் பரப்பிவிட்டுக் காத்திருக்கிறான். முளை விடுகிறது. அதில் சோளமும் இருக்கிறது. அலுவலகத்துக்குப் போட்டுப் போன தன் கோட்டையும் சட்டையையும் காவல் பொம்மைக்கு மாட்டிவிடுகிறான். அந்தக் கோட்டுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக உருப்படியான வேலை கிடைத்தது என்று எனக்குத் தோன்றும்.

அவள் கேமராவில் இதையெல்லாம் பார்க்கிறாள். மனசு கேட்கவில்லை. அவனுக்கு ஜாஜங்மியோன் வாங்கி அனுப்புகிறாள்! உணவகப் பையன் தகரப் பெட்டியை வாத்துப் படகில் ஏற்றி, மிதித்து மிதித்துத் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறான். ஆவி பறக்கும் நிஜ ஜாஜங்மியோன். மாதக்கணக்கில் ஏங்கியவன் எதிரில். அவன் திருப்பி அனுப்பிவிடுகிறான். ஜாஜங்மியோன் எனக்கு நம்பிக்கை, போய்ச் சொல் என்கிறான்.

முதல் தடவை பார்த்தபோது இது கொஞ்சம் மிகையாக இருந்தது. பசித்தவன் இப்படிச் செய்வானா? ஆனால் வேறு எப்படியும் இந்தக் கதையை எழுதியிருக்க முடியாது என்பது இப்போது என் கட்சி. வாழ்க்கை முழுவதும் அவனுக்கு எல்லாமே ஒரு அழைப்பில் வந்தது, ஒரு கார்டைத் தேய்த்தால் வந்தது. கடைசியில் பில்லும் வந்தது. முதல் தடவையாகத் தன் கையால் ஒன்றை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை செய்கிறான். அதை யாராவது அன்போடு முடித்துக் கொடுத்தால்கூட அது பறிப்புதான். அவளும் கோபப்படவில்லை. புரிந்துகொள்கிறாள். அவள் அறையிலும் சோளம் முளைக்கிறது, ஜன்னல் பக்கம் வெளிச்சம் வருகிறது. நேசிப்பவருக்கு நாம் கொடுக்க நினைப்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறொன்று என்று புரிகிற அந்தத் தருணத்தை, எத்தனையோ காதல் படங்கள் மூன்று பாட்டுப் போட்டும் எட்டவில்லை.

சோளம் விளைகிறது. அவன் அரைத்து, பிசைந்து, நூலாக்கி, வேக வைக்கிறான். பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டுகிறான். கறுப்புப் பொடி மஞ்சள் நூடுல்ஸில் கலந்து பளபளக்கிறது. வாயில் வைக்கிறான், அழுகிறான். பார்க்கிற நமக்கும் தொண்டை அடைக்கிறது.

இதோடு முடித்திருந்தால் இனிமையான படமாக மட்டும் இருந்திருக்கும். அவன் மணலில் அடுத்த கேள்வியை எழுதுகிறான்: ஹூ ஆர் யூ? நீ யார்?

அவள் நடுங்கிப்போகிறாள். படத்தின் ஒரு உறுத்தலுக்குப் பதிலும் இங்கேதான் இருக்கிறது. ஒரு மனிதனைத் தூரத்திலிருந்து, அவனுக்குத் தெரியாமல் லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பது சரியா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. படமும் அதைத் தப்பிக்கவிடவில்லை. அவன் எல்லாவற்றையும் வெட்டவெளியில் வைத்திருக்கிறான், அவள் எதையும் காட்டவில்லை. நீ யார் என்று கேட்டதும் அவளிடம் இருப்பது வேறு யாரோ ஒரு பெண்ணின் புகைப்படங்கள் மட்டும்தான். சரியாக அந்த நேரத்தில் இணையத்திலும் குட்டு உடைந்து, எல்லோரும் வசை பாடுகிறார்கள். மறுபடி அலமாரிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

அதற்குமேல் எல்லாம் வேகமாக நடக்கிறது. புயல் வந்து தீவை அடித்துப் போடுகிறது. பயிர், வாத்து வீடு எல்லாம் போய்விட்டது. அப்புறம் தீவைச் சுத்தம் செய்ய ஆட்கள் வருகிறார்கள். இருக்க விடுங்கள் என்று கெஞ்சுபவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் படகில் ஏற்றிக் கரையில் இறக்கிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் அவன் கேட்ட 'ஹெல்ப்' இப்போதுதான் வந்து சேர்கிறது! அவன் ஒரு பேருந்தில் ஏறுகிறான். தீவிலிருந்து தினமும் கண்ணுக்குத் தெரிந்த, '63' என்று பெயர் வைத்த பொன்னிற உயரக் கட்டடத்துக்கு. எதற்கு என்று நமக்குத் தெரியும்.

குறை இல்லாத படமா என்றால் இல்லை. நடுப்பகுதியில் நகைச்சுவை கொஞ்சம் நீள்கிறது. பெண் கிம்முடைய தழும்பின் கதையை இன்னும் சொல்லியிருக்கலாம். அறைக்குள் அடைந்துபோனவர்களின் குடும்பங்கள் படும் பாட்டை நேரில் பார்த்தவர்களுக்கு, அவள் வெளியே வருவது கொஞ்சம் சுலபமாகத் தோன்றலாம். அது உண்மைதான். மருத்துவரும் வேண்டும், காலமும் வேண்டும், ஒரு பாட்டில் போதாது. வெளியானபோது கொரியத் திரையரங்குகளில் இது பெரிதாக ஓடவும் இல்லை. வெளியூர்தான் முதலில் கொண்டாடியது. 2010-இல் இத்தாலியின் ஊடினே நகரத்தில் நடந்த ஆசியத் திரைப்பட விழாவில் பார்வையாளர்கள் விருது கிடைத்தது. பிறகு மெல்ல மெல்ல ஊரிலும் பேசப்படும் படமானது.

கடைசிக் காட்சிக்கு வருகிறேன். அவனை இழுத்துப்போவதை லென்ஸில் பார்த்ததும் அவள் கதவைத் திறந்து ஓடுகிறாள். இந்தத் தடவை பட்டப்பகல். ஹெல்மெட் இல்லை. தழும்பு தெரிய, கூட்டத்துக்கு நடுவே, மூன்று வருடம் ஓடாத கால்களோடு. பேருந்து போய்விடுகிறது. நடுத்தெருவில் நின்று அழுகிறாள். அப்போது சைரன். ஒத்திகை நாள். வருடத்துக்கு இரண்டு தடவை, இருபது நிமிடம், ஊரையே நிலாவாக்கி அவளுக்குத் தனிமையைக் கொடுத்த அதே சைரன். வண்டிகள் எல்லாம் நிற்கின்றன. அந்தப் பேருந்தும் நிற்கிறது.

ஏறுகிறாள். மூச்சு வாங்க அவன் முன்னால் போய் நிற்கிறாள். நான் உன்னைக் காதலிக்கிறேன் என்று சொல்லவில்லை. மணலில் இருந்த கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது, அதைச் சொல்கிறாள். தன் சொந்தப் பெயர். பிறகு அதே கேள்வியை அவனிடம் திருப்பிக் கேட்டுவிட்டுக் கையை நீட்டுகிறாள்.

அடுத்த தடவை பார்க்கும்போது அந்த இடத்தில் ஜங் ஜே-யங்கின் முகத்தைக் கவனியுங்கள். யார் இவள் என்று அவனுக்குப் புரிய சில நொடிகள் ஆகும்.